தின்ற வயிறு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். பிறகு வாய் திறக்கும். திறந்த பிறகு என்ன வந்து விழும் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். கருகிப்போன மோட்டாருக்குக்கூடப் புதுச் செம்புக் கம்பி சுற்றி ஓடவைத்துவிடுவார். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியும் என் வாய்க்கு ஒரு சுவிட்சு வைக்க அவரால் முடியவில்லை. அவர் அதிகம் பேச மாட்டார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். இந்த இரண்டு குணமும் சேர்ந்துதான் போன வருடம் என்னைக் கருப்பர் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. காரணம், கோழி.

எங்களுக்கு ஒரே மகள். புதுக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கீரமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் உண்டானாள். அந்த ஆறு வருடமும் விசேஷ வீடுகளில் "என்ன, எதுவும் இல்லியா?" என்று கேட்டவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருத்தரையும் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். மகள் போனில் சேதி சொன்ன அன்றைக்கே நான் கோழியை அடை வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாட்டில் நாட்டுக்கோழிச் சாறு வைத்துக்கொடுப்பது தாய்வீட்டுப் பொறுப்பு. கடையில் வாங்கிய கோழியா, வீட்டுக் கொல்லையில் கிளறித் தின்று வளர்ந்த கோழியா என்று சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பேச்சுக்கு நான் இடம் கொடுப்பேனா?

பதினோரு முட்டை வைத்தேன். அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைப்பது. இடி இடித்தால் முட்டை கலங்கிவிடாமல் இருக்க ஓர் ஆணியும் கரித்துண்டும் கூடையில் போட்டேன். ஒன்று கூமுட்டையாகப் போனது. பத்துக் குஞ்சு பொரித்தது. என் பேரப்பிள்ளைக்காகப் பொரித்த குஞ்சுகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முன்பெல்லாம் எங்கள் கொல்லையில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. பலாவும் மாவும் தென்னையும் அப்படி மூடிக்கொண்டு நிற்கும். பெரும் புயல் ஒன்று வந்து எல்லாவற்றையும் சாய்த்துப்போட்ட பிறகு கொல்லை மொட்டையாகிவிட்டது. புதிதாக நட்டவையெல்லாம் அப்போது என் தோளுயரம்தான். மேலே பறக்கிற பருந்துக்கு என் கோழிக்குஞ்சுகள் தட்டில் வைத்த மாதிரி தெரிந்திருக்கும். பொரித்த ஒரு வாரத்துக்குள் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதைத் தூக்கும்போது நான் கொல்லையிலேயே நின்றேன். துடைப்பத்தை வீசினேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்து என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தன் பெண்சாதி, கத்தினாள்.

"அக்கா, அக்கா, அடிக்காதீங்க! வெள்ளக் கழுத்து, கருடன்க்கா அது! பெருமாள் வாகனம்!"

கத்தியதோடு விட்டாளா? இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். பெருமாள் வாகனத்தின் காலில் என் குஞ்சு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு போகிறது. கீழே இவள் கும்பிடுகிறாள்.

"ஒங் கோழியத் தூக்குனா கும்புடுடி! எங் கோழிய வச்சுப் புண்ணியம் தேடாத!" என்றேன்.

அன்றோடு எனக்கும் அவளுக்கும் பேச்சு அறுந்தது.

மறுநாள் கீரமங்கலம் சந்தையில் ரோஸ் சாயப்பொடி வாங்கிவந்து மீதி ஏழு குஞ்சுக்கும் பூசினேன். கோழிக்குஞ்சு நிறத்தில் இல்லாவிட்டால் பருந்துக்குக் குழம்பிப்போகும் என்பார்கள். என் கைதான் பத்து நாளைக்கு ரோஸாக இருந்தது. ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம், "என்ன, கையில மருதாணியா?" என்று கேட்டார்கள். நான் தையல் மெஷின் வைத்திருப்பதால் வீட்டுக்கு நாலு பேர் வருவதும் போவதுமாக இருப்பார்கள்.

சாயத்தை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் சொல்லிக் கிழிந்த மீன்வலை ஒன்று வாங்கி, கம்பு நட்டுக் கொல்லைக்கு மேலே பந்தலாகக் கட்டினேன். நாலாம் நாள் அது வந்தது. அதே வெள்ளைக் கழுத்து. பாய்ந்த வேகத்தில் இரண்டு காலும் வலையில் மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. ஆகா, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! தையலை அப்படியே போட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரே உட்கார்ந்து, அரை மணி நேரம் திட்டினேன். மூன்று குஞ்சுக்கும் கணக்குச் சொல்லித் திட்டினேன். அது சிவந்த இறக்கையை விரித்துக்கொண்டு என்னையே முறைத்தது. வீட்டுக்காரர் கட்டிங் பிளேயரோடு வந்தார்.

"விடு. உசுருள்ளது," என்றார்.

"எங் குஞ்சுக்கு உசுரு இல்லியா?"

பிளேயரை வைத்து வலையை அறுத்தார். அவர் கடைசிக் கண்ணியை அறுப்பதற்குள் நான் ஒரு வால் இறகைப் பிடுங்கிவிட்டேன். அதைக் கொல்லைக் கம்பில் செருகி வைத்தேன், அது மேலே பறக்கும்போதெல்லாம் பார்க்கட்டும் என்று. அதற்குப்பின் அது எங்கள் கொல்லைப் பக்கம் தாழ வரவே இல்லை.

வானத்தை அடைத்தாயிற்று என்று இருந்தால் தரையிலிருந்து வந்தது வினை. ஒரு நாள் காலையில் பஞ்சாரக் கூடையைத் தூக்குகிறேன், இரண்டு குஞ்சு கழுத்து கடிபட்டுக் கிடக்கிறது. கீரிப்பிள்ளை. பிள்ளையாம் பிள்ளை! ஒரு துண்டு சதை தின்னவில்லை. கழுத்தைக் கடித்து ரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அது வந்த தடத்தைத் தேடினேன். எனக்கும் ஓரகத்திக்கும் பொதுவான சுவருக்கு அடியில் ஒரு வளை இருந்தது.

அதைக் கொன்றால் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டுக்காரர் பயமுறுத்தினார். கொல்லவில்லை. ஒரு சட்டியில் நெருப்பு அள்ளி, கால் கிலோ வற்றல் மிளகாயைப் போட்டு, வளை வாசலில் வைத்தேன். மோட்டாருக்குள் இருக்கிற தூசியை ஊதுவதற்கு அவர் ஒரு ப்ளோயர் வைத்திருக்கிறார். அதை எடுத்துவந்து அந்த மிளகாய்ப் புகையை வளைக்குள் ஊதினேன். வளைக்கு இன்னொரு வாசல் ஓரகத்தி வீட்டுப் பக்கம் இருந்திருக்கிறது. கீரி வெளியே ஓடியது. கூடவே ஓரகத்தி வீட்டு ஆட்கள் மொத்தப் பேரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் போல வளை வாசலில் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் போட்டுப் பூசினேன். கீரி அந்தப் பக்கமே தங்கி, அவள் வீட்டுக் கோழி இரண்டைப் பிடித்தது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே சந்தோஷப்பட்டேன்.

மிஞ்சியது ஐந்து. இனி ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று அவரை விரட்டி விரட்டி ஒரு கூடு செய்யவைத்தேன். அடியில் சிமெண்ட் தளம், நாலு பக்கமும் இரும்பு வலை, மேலே தகரம், கதவுக்குப் பூட்டு. பூட்டையும் அவரே வாங்கிவந்தார். சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டேன். பகலெல்லாம் வலைப் பந்தலுக்குக் கீழே மேயும். பொழுது சாய்ந்ததும் உள்ளே விட்டுப் பூட்டுவேன். காலையில் நான்தான் திறப்பேன். ஐந்தும் கம்பும் கரையானும் தின்று மளமளவென்று வளர்ந்தன. நாலு பெட்டை, ஒரு சேவல்.

இதற்கிடையில் ஒரு நாள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, நம்ம வீட்டுக் கோழிக் கொழம்பு நாக்குலயே நிக்குதும்மா. கனவுலகூட வருது. அப்பாகிட்ட ஒன்னு குடுத்து விடேன்."

"வாய மூடு. மாசமா இருக்கறவ நாட்டுக்கோழி தின்னா ஒடம்பு சூடாயிரும். புள்ளைக்கு ஆகாது."

"டாக்டரம்மா ரத்தம் கம்மியா இருக்கு, கறி முட்டையெல்லாம் சாப்புடச் சொல்றாங்கம்மா."

"டாக்டரம்மாவா ஒன்னயப் பெத்தா? புள்ள பொறக்கட்டும். அம்புட்டும் ஒனக்குத்தான். அதுவரைக்கும் கீரையத் தின்னு."

ஆறு வருடம் கழித்து வந்த வயிறு. அந்த வயிற்றுக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ற பயம்தான் எனக்கு. பயத்தைப் பயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கோபமாகத்தான் வரும். அதற்குப்பின் அவள் கேட்கவில்லை. நானும் அதோடு மறந்துவிட்டேன்.

மகளுக்கு ஏழு மாதம் முடிகிற சமயம், ஒரு காலையில் கூட்டைத் திறந்தால் நாலுதான் இருந்தது. பூட்டு பூட்டியபடி இருக்கிறது. வலையில் ஓட்டை இல்லை. ஓர் இறகு உதிரவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவர் அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே செம்புக் கம்பி வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் சொன்னேன். "அப்புடியா?" என்றார். "கணக்குத் தப்பா எண்ணியிருப்ப," என்றார். பதினைந்து நாள் கழித்து மூன்று. அதற்குப் பத்து நாள் கழித்து இரண்டு.

இறகு உதிராமல் கோழி பிடிக்கிற கீரி உண்டா? பூட்டைத் திறந்து திரும்பப் பூட்டிவைக்கிற பருந்து உண்டா? இது இரண்டு கால் மிருகம் என்று புரிந்துவிட்டது. என் காது சூடானது. யாரென்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மூன்றாவது கோழி காணாமல் போன அன்றைக்கு மத்தியானம் ஓரகத்தி வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வாசம் வந்தது. சுவர் அருகே போய் நின்றேன்.

"என்னடி, கொழம்பு மணக்குது? எந்த ஊருக் கோழி?"

"பிராய்லர்க்கா. கீரமங்கலத்துல வாங்கிட்டு வந்தாரு."

"பிராய்லருக்கு இந்த வாசம் வருமா? எம் மக பத்தியத்துக்கு வச்சிருந்த கோழிடி. தின்னது செரிக்குமா ஒனக்கு?"

"அக்கா, எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கல. நீங்க பேசுறது நல்லாயில்ல."

அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். திருடி அழுகிறாளே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. போலீசுக்குப் போனால் கோழிக்கு வந்தவளே என்று சிரிப்பார்கள். பஞ்சாயத்தில் சொன்னால் சாட்சி கேட்பார்கள். எனக்குச் சாட்சி கேட்காத ஓர் இடம் தெரியும்.

எங்கள் கண்மாய்க் கரையில் கருப்பர் கோயில் இருக்கிறது. திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே போய்க் காசு வெட்டிப் போடுவார்கள். வாசலில் ஒரு கருங்கல். அதில் காசை வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலால் ஓங்கி அடித்து இரண்டு துண்டாக்க வேண்டும். வெட்டும்போது சொல்கிற சொல்லைக் கருப்பர் ஏற்றுக்கொள்வார், தீங்கு செய்தவன் எங்கே இருந்தாலும் தேடிப் பிடிப்பார் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. காசு வெட்டுக்கு ஆளாகி மாண்டவர்களின் கதை ஊரில் நிறைய உண்டு. அதனால் சும்மா யாரும் வெட்ட மாட்டார்கள்.

மறுநாள் காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனேன். பூசாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்ன தாயி, நெலத் தகராறா?"

"கோழி."

"கோழிக்கா காசு வெட்டப் போற?"

"கோழின்னா எளப்பமா? எம் மக பிள்ளப்பேத்துக்கு வச்சிருந்தது."

"சரி, ஆளு யாரு? பேரச் சொல்லித்தான் வெட்டணும்."

ஓரகத்தியின் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் பிள்ளைகள் இரண்டும் என்னைப் "பெரியம்மா" என்று கூப்பிட்டு ஓடிவருவது நினைவுக்கு வந்தது. பேரை விழுங்கிவிட்டேன். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்குப் புத்தி இருந்திருக்கிறது.

"பேரு தெரியாது சாமி."

"பேரு இல்லாம வெட்டுனா, சொன்ன வார்த்ததான் போய் நிக்கும். பாத்துச் சொல்லு தாயி."

பார்த்தெல்லாம் சொல்லவில்லை. உளியை நிறுத்தி, சுத்தியலை ஓங்கி, ஊர் கேட்கச் சொன்னேன்.

"எங் கோழியத் தின்ன வயிறு எந்த வயிறோ, அந்த வயிறு பத்திக்கிட்டு எரியட்டும், கருப்பா!"

ஒரே அடி. காசு இரண்டாகத் தெறித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உடம்பு லேசாக இருந்தது. திருடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பதை மனசுக்குள் பார்த்துப் பார்த்து நடந்தேன்.

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னேன்.

"காசு வெட்டிப் போட்டுட்டு வந்துட்டேன்."

பிசைந்த கை அப்படியே நின்றது.

"யாரச் சொல்லி வெட்டுன?"

"ஆளச் சொல்லல. எங் கோழியத் தின்ன வயிறு பத்திக்கிட்டு எரியட்டும்னு சொன்னேன்."

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். எச்சில் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அடிப் பாவி! ஒம் மகடி! ஒம் மகதாண்டி தின்னா! புள்ளத்தாச்சி கேட்டாளேன்னு நாந்தான் புடிச்சுக் கொண்டு போய்க் குடுத்தேன்!"

பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கழுத்தில் ஒன்று தொங்கியது. இன்னொன்று எங்கே என்று நான் கேட்கவே இல்லை. செம்புக் கம்பி வாங்கப் போகும்போதெல்லாம் கோழிக் காலைக் கட்டிக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். "அம்மாகிட்ட சொல்லாத, கத்துவா" என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். இரண்டு பேரும் எனக்குப் பயந்துதான் இதைச் செய்திருக்கிறார்கள். பருந்துக்குப் பயந்து குஞ்சு ஒளிகிற மாதிரி என் வாய்க்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்கள்.

செருப்புப் போடாமல் ஓடினேன். தார் ரோடு காலைப் பொசுக்கியது. பூசாரி கோயிலைச் சாத்திக்கொண்டிருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து அந்த இரண்டு துண்டையும் தேடி எடுத்து, ஒட்டவைக்கிற மாதிரி சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாமி, திருப்பி வாங்கிக்கிறேன். தப்பா வெட்டிட்டேன். எம் மக சாமி. எட்டு மாசம் சாமி."

பூசாரி பாவம், என்ன செய்வார்? விபூதியை என் நெற்றியில் பூசினார்.

"வெட்டுன காசு ஒட்டாது தாயி. அவருகிட்டயே கேளு," என்றார்.

கேட்டேன். அழுது கேட்டேன், திட்டிக் கேட்டேன். அரிவாளோடு நிற்கிற சாமியைப் பார்த்து, "ஒனக்குக் கண்ணு இல்லியா? புள்ளத்தாச்சி யாரு, திருடி யாருன்னு தெரியாதா?" என்று கத்தினேன். அவர் மீசையில் ஓர் அசைவும் இல்லை. கத்திக் களைத்து அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. நான் என்ன சொன்னேன்? எந்த வயிறோ அந்த வயிறு என்றுதானே சொன்னேன்?

எழுந்து வீட்டுக்கு நடந்தேன். கூட்டில் இரண்டு மிச்சம் இருந்தன, ஒரு பெட்டையும் சேவலும். சேவலைப் பிடித்து நானே அறுத்தேன். கையிலிருந்த மிளகாய் அத்தனையும் அரைத்துக் குழம்பு வைத்தேன். கொதிக்கிற சட்டியை இறக்கி நடுவீட்டில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. அவர் நிலைப்படியில் நின்று பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கொஞ்சம் வையி," என்றார்.

"தொட்டீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன். பூட்டத் தொறந்து மூணு கோழி எடுத்துட்டு, மூச்சு விடாம இருந்தீங்கள்ல? ஒங்களுக்கு ரசம்தான். அதுதான் ஒங்களுக்குத் தண்டன."

தட்டோடு எழுந்து போய்விட்டார். கொல்லையில் நின்று மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பாதி தின்றிருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓரகத்தியின் குரல். அவள்தான் சமாதானத்துக்கு முதலில் வந்தாள்.

"அக்கா, கொழம்பு வாசம் இங்கிட்டு வரைக்கும் தூக்குது. புள்ளைங்க கேக்குதுங்க. ஒரு கரண்டி குடுங்களேன்."

"தர மாட்டேன்! ஒரு சொட்டு தர மாட்டேன், போடி!" என்று கத்தினேன்.

இத்தனை வருடத்தில் நான் அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவளுக்கு அது எப்படித் தெரியும்? பச்சப் பிள்ளைகள் கேட்டும் ஒரு கரண்டி குழம்பு கொடுக்காத மகராசி என்று இன்றுவரைக்கும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். திருடி என்று நான் சொன்னதற்கு அது சரியாகப் போனது.

சட்டியைக் கடைசி எலும்பு வரைக்கும் காலி செய்தேன். பிறகு கண்மாய்ப் பக்கம் திரும்பி, வயிற்றில் கையை வைத்துச் சொன்னேன். "இந்தா பாரு கருப்பா. தின்ன வயிறு இது. எம் மக வாசல் வரைக்கும் போயிருந்தாலும் இங்கிட்டுத் திரும்பி வா. வேற எங்கிட்டும் போகாத."

அன்றைக்குச் சாயங்காலமே கருப்பர் வந்துவிட்டார். தொப்புளுக்கு மேலே பிடித்தது எரிச்சல்.

மகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்துவந்தோம். கோழியைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆலங்குடி ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. கடைசியாக இருந்த ஒற்றைப் பெட்டையை அறுத்துப் பத்தியச் சாறு வைத்தேன். சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "வீட்டுக் கோழிங்களா? ருசியே தனியா இருக்குங்க," என்றார். எனக்கு அது காதில் ஏறவே இல்லை.

எரிச்சல் இன்னும் இருக்கிறது. டாக்டர் கேஸ்ட்ரிக் என்கிறார், அல்சர் என்கிறார், காரத்தைக் குறைக்கச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்காரர் வேளா வேளைக்கு மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைக்கிறார். அவர் அங்கிட்டுத் திரும்பியதும் முருங்கை மரத்தடியில் போட்டுவிடுகிறேன். அணைந்துபோனால் அது வேறு எந்த வயிற்றைத் தேடிப் போகுமோ, யார் கண்டது?

மகள் வரும்போதெல்லாம் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறாள். அது என் வயிற்றின்மேல் குப்புறப் படுத்தால்தான் தூங்கும். அடியில் எரிந்துகொண்டே இருக்கும். நான் அசையாமல் படுத்திருப்பேன்.